பெட்டி மூடும் முன் எடுத்த படம்

லோத்குண்டா
11 ஜூன் 2024

சுனிலுக்கு,

உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தபாலில் எழுது. வீட்டுப் பக்கம் வராதே.

நேற்று அல்வாலில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். நீ வேலை பார்க்கிற இன்சூரன்ஸ் கம்பெனி அங்கே மெயின் ரோட்டில் புதிதாக ஒரு கிளை திறந்திருக்கிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் உன் அண்ணன் சவப்பெட்டியில் படுத்திருக்கிறார். பெட்டிக்குப் பின்னால் நானும் காஞ்சனாவும் நிற்கிறோம். மேலே தெலுங்கில் கொட்டை எழுத்தில், 'இவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்'. கீழே கம்பெனி பெயரும் போன் நம்பரும்.

காய்கறிக்காரி போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இதி மீரே கதம்மா?" என்றாள். ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து காஞ்சனாவிடம் சொன்னால், அவளுக்கு முன்னமே தெரியுமாம். காலேஜில் எல்லோர் போனிலும் இந்த விளம்பரம் வந்துகொண்டிருக்கிறதாம். பாட்டுக்கு நடுவில் வருகிறதாம், சமையல் வீடியோவுக்கு நடுவில் வருகிறதாம். நான் வேதனைப்படுவேன் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். பதினேழு வயதுப் பெண், தன் அப்பாவின் பிணத்தைத் தோழிகளின் போனில் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிட்டிருக்கிறாள்.

அந்தப் படம் உன் போனில் நீ எடுத்தது. நம் ஜனங்கள் எந்தச் சாவிலும் பெட்டி மூடுவதற்கு முன் எடுப்பதுதான். வரமுடியாமல் போன விழுப்புரத்து ஆட்களுக்கு அனுப்புவதற்கு. தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்து, "அண்ணி, அழாதீங்க, ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்றாய். உன் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தேன். ஊரே பார்க்கட்டும் என்றா நிமிர்ந்தேன்?

அவர் எங்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தலை நரைக்கிற வரைக்கும் உழைத்தார். பென்ஷன் வருகிறது, பெண் படிக்கிறாள். யாரிடமும் நாங்கள் கையேந்தவில்லை. அவரைப் பொறுப்பில்லாத மனுஷன் என்று போர்டு எழுதி நடுரோட்டில் நிறுத்திவிட்டாயே.

அந்தப் போர்டை எடுக்கச் சொல். போனில் வருவதையும் எடுக்கச் சொல். இந்த வாரமே எடுக்க வேண்டும்.

லூர்துமேரி


மல்லாபூர்
16 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுனில் எழுதுவது. ஞாயிறு வகுப்பில் ஃபாதர் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் எனக்கு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன பண்ணிவிட்டேன் அண்ணி? எங்கள் கம்பெனியில் ஒரு மீட்டிங் வைத்தார்கள். ஒவ்வொருத்தரையும் மேடைக்குக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுல நடந்தது ஏதாவது சொல்லுங்க' என்றார்கள். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த ஈரம்கூடக் காயவில்லை. என் வாயில் வேறு என்ன வரும்? அண்ணனைப் பற்றித்தான் சொன்னேன். சொல்லும்போதே உடைந்துவிட்டேன். போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்கள். மேனேஜர் தோளில் கைபோட்டு, படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். விளம்பரத்துக்கு என்று அவர் சொல்லவே இல்லை. மாதா மேல் சத்தியம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே போய்க் கேட்டேன். "நக்கோ பாய், அது ஹெட் ஆபீஸ் விஷயம். உனக்குக் கைக்கு?" என்கிறார், உனக்கு எதற்கு இதெல்லாம் என்று. அந்த விளம்பரம் வந்த பிறகு நிறைய பேர் தேடி வந்து பாலிசி எடுக்கிறார்களாம். உன் அண்ணன் செத்தும் நாலு குடும்பத்தைக் காப்பாற்றுகிறார் என்று என்னிடமே சொல்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நான் மேடையில் சொன்னது பொய்யா? ஃபேக்டரி மூடி, எட்டு மாதம் சும்மா உட்கார்ந்து, இந்த வேலை கிடைத்த முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம்தானே வந்தேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள், டீ கொடுத்தீர்கள். "நாளைக்குப் பார்க்கலாம்டா" என்று அண்ணன் சொன்னாரா இல்லையா? அவர் சொன்னதைத்தான் சொன்னேன். சேர்த்தும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் பொறுங்கள். வேறு விளம்பரம் வந்தால் இது தானாகப் போய்விடும். லலிதாவுக்கு ஐந்தாம் மாதம். அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

உங்கள் கொழுந்தன்,
சுனில்


லோத்குண்டா
4 ஜூலை 2024

சுனிலுக்கு,

தானாகப் போகும் என்றாய். நேற்று பஸ்ஸுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? யாரும் ஒளிந்திருந்து எடுத்த படம் இல்லையே அம்மா, நீங்களே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே என்றான். செத்த வீட்டில் படத்துக்கு நிற்பது எங்கள் வழக்கம் தம்பி என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிணத்தோடு போட்டோவா என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஃபாதர் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். பத்மஜா என்று பெயர். தெலுங்குக்காரம்மா, ஆனால் பேட்டையில் தமிழ்க்காரர்களோடு வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுகிறார். நான் உன் அண்ணனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "வருத்தப்படாதீங்கம்மா, உள்ளதைச் சொல்றேன். செத்துப்போனவருக்கு ப்ரைவசி கிடையாது. அது ஆளோடயே போயிடும். உயிரோட இருக்கிற உங்க முகத்துக்கும் உங்க பொண்ணு முகத்துக்கும்தான் நான் கேஸ் போட முடியும்" என்றார்.

நான் என் முகத்துக்காகவா போனேன்? என் முகத்தை யார் பார்த்தால் எனக்கென்ன? மூக்கில் பஞ்சு வைத்த அவர் முகத்தை இந்த ஊர் பார்க்கக் கூடாது என்றுதான் போனேன். அவருக்காகக் கேட்க முடியாதாம். செத்தவரின் பெயரைக் கெடுப்பதும் குற்றம்தானாம், ஆனால் வீட்டார் மனதைப் புண்படுத்தவேண்டும் என்றே போட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். அது வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்.

சரி, என் முகத்துக்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் எங்கள் படத்தை வியாபாரத்துக்குப் போட்டது தப்பு, உடனே நிறுத்த வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும் என்று முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ் போகிறது. கேட்காவிட்டால் கோர்ட்டில் தடை கேட்பார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை எதற்காக எடுத்தாய், யாருக்கு அனுப்ப எடுத்தாய் என்று ஒரு வாக்குமூலம் வேண்டும். உண்மையைத்தானே எழுதப்போகிறாய். பத்மஜா அம்மாவின் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வா. அதற்கு மேல் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன்.

லூர்துமேரி


மல்லாபூர்
9 ஜூலை 2024

அண்ணிக்கு,

என்னால் முடியாது.

கம்பெனிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நாள் நான் அங்கே போய் எப்படி உட்காருவேன்? லலிதாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்? நீங்கள் பென்ஷன் வாங்குகிறீர்கள், உங்களுக்குக் கோர்ட்டு வாசல் ஏற நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை.

ஃபாதரிடம் சொல்லிவிட்டீர்கள். போன ஞாயிறு கோயிலில் ஒருத்தரும் என் பெஞ்சில் உட்காரவில்லை. அண்ணன் பிணத்தை விற்றவன் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். அண்ணனுக்குப் பெட்டி தூக்கியவன் நான். குழிக்குள் இறங்கி நின்று வாங்கியவன் நான். அதை யாரும் பேசவில்லை.

நீங்களும் ஒன்றை யோசித்தீர்களா அண்ணி? அந்தப் படத்தில் எல்லோரும் இருக்கிறீர்கள். நான் இல்லை. என் அண்ணனோடு கடைசியாக நின்ற படம் என்று எனக்கு ஒன்றுமே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன். 'கொடுடா, நான் எடுக்கிறேன், நீ போய் நில்லு' என்று உங்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் உங்களோடு நின்றிருப்பேன்.

சுனில்


லோத்குண்டா
23 செப்டம்பர் 2024

சுனிலுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். நீ அந்தப் படத்தில் இல்லை என்பது உண்மையில் எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு என் கண்ணுக்கு யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று எதுவும் தெரியவில்லை. அதை நீ நம்பு. ஆனால் கூப்பிடாதது குற்றம் என்றால் அந்தக் குற்றம் என்னுடையது. அதற்கு உன் அண்ணன் ஏன் ரோட்டில் கிடக்க வேண்டும்?

கோர்ட்டில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் கம்பெனி வக்கீல் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து எடுத்து வந்திருந்தார். இந்தம்மா அழவில்லை, காமிராவைப் பார்த்து நிற்கிறார், புடவையைச் சரியாகக் கட்டியிருக்கிறார், இது சம்மதத்தோடு எடுத்த படம் என்று பேசினார். நான் அழாமல் நின்றதை வைத்தே என்னை மடக்கினார். விழுப்புரத்தில் உங்கள் அத்தை படுத்த படுக்கையாக இருந்தாரே, அவர் பார்த்து மனம் ஆறட்டும் என்று அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றேன். அதை அங்கே எந்தப் பாஷையில் சொல்வது?

பத்மஜா அம்மா எழுந்து, படம் எடுக்க நின்றது வேறு, விளம்பரத்துக்கு ஒத்துக்கொண்டது வேறு, அதிலும் ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை என்றார். ஜட்ஜ் தடை கொடுத்துவிட்டார். கேஸ் முடியும்வரை என் உருவத்தையும் காஞ்சனா உருவத்தையும் எங்கேயும் போடக் கூடாது. காஞ்சனா கோர்ட்டு வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அவர் போன பிறகு அன்றைக்குத்தான்.

நீ இல்லாமலே ஆயிற்று. உன் வேலைக்கு ஒன்றும் வரவில்லை அல்லவா? லலிதாவை வெயிலில் அலைய விடாதே.

லூர்துமேரி


லோத்குண்டா
3 நவம்பர் 2024

சுனில்,

நேற்று கல்லறைத் திருநாள். நாங்கள் போவதற்கு முன்பே நீ வந்து போயிருக்கிறாய். மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. புல்லையெல்லாம் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளை அடித்திருந்தாய். காஞ்சனா பார்த்துவிட்டு, சித்தப்பா என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வருகிற வழியில் போர்டைப் பார்த்தோம். புதுப் போர்டு.

கோர்ட்டு எங்களைப் போடக் கூடாது என்றுதானே சொன்னது. எங்களை எடுத்துவிட்டார்கள். நான் நின்ற இடத்தில், காஞ்சனா நின்ற இடத்தில், சும்மா வெள்ளைச் சுவர். பெட்டி மட்டும் இருக்கிறது. அவர் மட்டும் கிடக்கிறார். மேலே அதே வரி.

உடனே பத்மஜா அம்மாவிடம் ஓடினேன். அந்தம்மாவும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆர்டரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தடை, அவருக்கு இல்லை. மறுபடி மனு போடலாம், ஆனால் அவர்கள் பக்கம் சட்டத்தில் இடம் இருக்கிறது என்கிறார். நான் செய்த வேலையைப் பார்த்தாயா? அவருக்காகக் கோர்ட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் இருந்த எங்களையே பிரித்து எடுத்துவிட்டேன். சும்மா இருந்திருந்தால் நாங்களாவது அவரோடு நின்றிருப்போம். என் கையாலேயே அவரைத் தனியாக விட்டுவிட்டேன் சுனில்.

இனி ஒரு வழிதான் இருக்கிறதாம். தடை கேட்கும்போதே அதை அந்தம்மா சொன்னார், நீ வரமாட்டாய் என்று நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன். ஒரு படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தமாம். எழுத்தில் கொடுக்காத வரைக்கும், போனில் அனுப்பியதால் மட்டும் அது அவர்களுடையதாகி விடாதாம். இது நான் எடுத்த படம், எடுங்கள் என்று நீ ஒருத்தன் சொன்னால் போனில் வருகிற அத்தனை இடத்திலும் எடுத்தே ஆகவேண்டுமாம். போர்டும் போகும்.

சட்டப்படி அவருக்கு நானும் இல்லை, அவர் பெற்ற பெண்ணும் இல்லை. நீ மட்டும்தான் இருக்கிறாய்.

உன் நிலைமை எனக்குத் தெரியும். லலிதாவுக்கு நாள் நெருங்கியிருக்கும். அதெல்லாம் தெரிந்தும் கேட்கிறேன். உன்னைத் திட்டி எழுதின எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் செய். மறக்க முடியாவிட்டாலும் செய்.

லூர்துமேரி


மல்லாபூர்
28 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு அப்புறம் ஆபீசில் ஒரு கூட்டம். புது விளம்பரம் என்று திரையில் போட்டார்கள். அண்ணன் மட்டும் இருந்தார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கேட்பாரில்லாமல் கிடக்கிற அனாதைப் பிணம் மாதிரி இருந்தார் அண்ணி. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, எழுந்து நின்று, "எங்க வீட்டு ஆளுங்க எங்கடா?" என்று தமிழில் கத்திவிட்டேன். அங்கே ஒருத்தருக்கும் புரியவில்லை. மேனேஜர் வெளியே கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தார்.

அப்போதுகூட எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. லலிதா படித்துவிட்டாள். அவளிடம் மறைக்கச் சொன்னது நான்தான், மேஜை மேல் வைத்துவிட்டுப் போனதும் நான்தான். அவள், "பிறக்கப்போற குழந்தைக்கு அதோட பெரியப்பாவை எந்தப் படத்துல காட்டப் போறீங்க?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் பத்மஜா மேடம் ஆபீசுக்குப் போய்விட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். இது என் போனில் நான் எடுத்த படம், என் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எடுத்தது, யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நோட்டீஸ் போன மறுவாரம் போனில் வருவது நின்றுவிட்டது. போர்டுகளையும் கழற்றுகிறார்கள் என்று மேடம் சொன்னார். எனக்கும் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். இங்கேயே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலை கிடைத்திருக்கிறது.

பையன் பிறந்திருக்கிறான் அண்ணி. அண்ணன் மாதிரியே நெற்றி.

ஒன்றை மட்டும் என்னால் சரிபண்ண முடியவில்லை. பார்த்தவர்கள் அந்த விளம்பரத்தைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டு அனுப்புகிறார்கள். நேற்று விழுப்புரத்திலிருந்து சித்தப்பா மகன் எனக்கே அனுப்பி, இது நம்ம சூசைராஜ் அண்ணன்தானே என்று கேட்டிருக்கிறான். அதற்கு எந்த நோட்டீசும் போட முடியாதாம்.

நான் வீட்டுக்கு வரலாமா?

சுனில்


லோத்குண்டா
12 டிசம்பர் 2024

சுனிலுக்கு,

குழந்தை பிறந்த செய்தி கேட்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். லலிதாவுக்கு மருந்துக் குழம்புப் பொடி இடித்து வைத்திருக்கிறேன்.

அல்வாலுக்குப் போய்ப் பார்த்தேன். போர்டு இல்லை. அந்த இடத்தில் இரண்டு பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். பத்மஜா அம்மாவும் போன் பண்ணி, ஜெயிச்சிட்டோம்மா என்றார். நஷ்டஈட்டுக் கேஸ் நடக்கட்டும், நடக்கும்போது நடக்கட்டும். எனக்கு அதில் மனம் இல்லை.

வரலாமா என்று கேட்டிருந்தாய். உன் வேலையைக் கொடுத்து நீ செய்தது பெரிய காரியம். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் பொய் சொல்லத் தெரியாது எனக்கு. கோபம் முழுக்கப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றுதான் எழுத இருந்தேன். அதற்குள் நேற்று ஒன்று நடந்துவிட்டது.

காஞ்சனா சுடிதாரில் தையல் விட்டிருக்கிறது, தைத்துக் கொடு என்று கேட்டாள். அடுப்பில் வேலையாக இருந்தேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். வாய்ப்பழக்கம், எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. அந்தப் பெண் கையிலிருந்த துணியை வீசி எறிந்துவிட்டு, "அட்ல அனகம்மா! நான்ன கூட அட்லனே அன்னடு கதா!" என்று கத்தினாள். அப்படிச் சொல்லாதேம்மா, அப்பாவும் அப்படித்தானே சொன்னார் என்று. எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அவளை ஊர் பார்க்கிறதே என்றுதான் கவலைப்பட்டேன். அவள் அந்தப் போர்டை நம்பியிருக்கிறாள். தன் அப்பா தன்னைப் பற்றி யோசிக்காமல் போய்விட்டார் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உன் அண்ணன் அன்றைக்கு எதற்கு அப்படிச் சொன்னார் தெரியுமா? சொன்னாரா இல்லையா என்று நீ கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்தில் அதை உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நீ டீ குடித்துவிட்டுப் படியிறங்கிப் போன பிறகு என்னிடம் சொன்னார். "பாவம் மேரி, முதல் போணிக்கு என்கிட்ட வந்திருக்கான். எனக்குத்தான் ரயில்வேல எல்லாம் இருக்கே, வேணாம்டான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. சம்பளம் வரட்டும், சின்னதா ஒண்ணு அவன் பேருக்காகப் போட்டுடலாம். பையன் சந்தோஷப்படுவான்" என்றார். அந்தச் சம்பளம் வரும்போது அவர் இல்லை.

இதை நேற்று காஞ்சனாவிடம் உட்கார வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீ அப்படித்தாம்மா சொல்லுவ" என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். இன்று காலேஜுக்கும் போகவில்லை.

நான் சொன்னால் அவளுக்கு ஏறவில்லை. அந்தக் கதையை மேடையில் சொன்னவன் நீ. நீதான் வந்து சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் வா. குழந்தையை வெயிலில் தூக்கிக்கொண்டு வராதே, நீ மட்டும் வா. என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் அவளிடம் போய் உட்கார்.

லூர்துமேரி